முறைவைத்து அழுத வீடு

முலாம் பட்டறை வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள், வந்த மறுநாள் காலை குளியலறை வாசலில் உட்கார்ந்து அழுதபோது, அவள் முன்னால் இருந்த வாளி கரைந்தது. துத்தநாகம் பூசிய புது வாளி அது. கண்ணீர் விழுந்த இடமெல்லாம் சுறுசுறுவென்று நுரைத்து, அடுப்பில் மறந்துவிட்ட பால் போலப் பொங்கி, அவள் மூக்கை உறிஞ்சி முடிப்பதற்குள் பூச்சு முழுக்கப் போய் உள்ளே இருந்த கறுத்த இரும்பு தெரிந்தது. இரும்புக்கு அவ்வளவு அவசரம் இல்லை. அது குமிழி குமிழியாக விட்டுக்கொண்டு, யோசித்து யோசித்துக் கரைந்ததில், வாரக் கடைசியில்தான் வாளியின் அடியில் ஓட்டை விழுந்தது. பிறந்த வீட்டில் விட்டுவந்த தம்பியை நினைத்து அழுதாளாம். அங்கே புழங்கியதெல்லாம் மண்பானையும் பிளாஸ்டிக் வாளியும்தான் என்பதால் அதுவரை யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டறை வீட்டுக்காரர்கள் பதறவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து அமிலத்தோடு பழகுகிறவர்கள் அவர்கள். வந்திருப்பது எந்த வகை என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள நினைத்தார்கள்.

மாமனார் ஒரு பலகையில் உலோகத் துண்டுகளை வரிசையாகப் பதித்தார். படம் பிடிக்கும் கடையில் கேட்டு வாங்கிய மக்னீசிய நாடா, அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, கடைசியில் தங்கத்தில் ஒரு பொட்டு. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருடைய மகள், வீட்டுக்குக் கடைக்குட்டி. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டறையில் அண்ணன்களுக்குச் சமமாக வேலை பார்த்தவள். எத்தனை வயதானாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். மாமனார் மருமகளிடம் மரியாதையாக, "அழுகை மிச்சம் இருந்தா இதுல கொஞ்சம் விடும்மா" என்றார். மிச்சம் நிறையவே இருந்தது. மக்னீசியம் துள்ளிக் குதித்துக் காணாமல் போனது. அலுமினியம் காதில் விழாதது போலச் சற்று நேரம் சும்மா இருந்து, பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கொதித்தது. துத்தநாகம் ஓயாமல் பேசுகிற ஆளைப் போல நுரைத்துக்கொண்டே இருந்தது. இரும்பு முனகியது. ஈயம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. செம்பும் வெள்ளியும் தங்கமும் பக்கத்து வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பது போல உட்கார்ந்திருந்தன. நுரைக்கு மேலே மாமனார் எரிகிற தீக்குச்சியைக் காட்டினார். பட்டென்று ஒரு சத்தம். "உப்பு ஆசிட் வகைதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். ஆள் தோலில் பட்டால் அந்தக் கண்ணீர் எல்லாருடைய கண்ணீரையும் போல வழிந்து உலர்ந்துவிட்டது. அதையும் பார்த்துக்கொண்டபின் அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

அந்த வருஷம்தான் ஊருக்கு அமிலம் அனுப்பிக்கொண்டிருந்த தொழிற்சாலை கதவைச் சாத்தியது. பெல்ட் கொக்கி, பூட்டு, குழாய்த் திருகு என்று எது வந்தாலும் முதலில் அமிலத்தில் முக்கித் துருவை எடுத்தாக வேண்டும். துருவின் மேல் பூசிய முலாம் மறுமாதமே வெங்காயத் தோல் போல உரிந்து வந்துவிடும். பட்டறை படுத்துவிடும் என்று பேச்சு எழுந்தபோது மூத்த மருமகள் யார் முகத்தையும் பார்க்காமல், "நான் வேணா உக்காரட்டுமா?" என்று கேட்டாள். உட்கார்ந்தாள். அவளுடைய தொட்டியிலிருந்து கொக்கிகள் அம்மணமாகப் பளபளத்து வெளியே வந்தன. வெங்காயம் நறுக்கி வரவழைத்த கண்ணீர் உதவவில்லை. அது துருவை நனைத்ததோடு சரி. விழுந்து விழுந்து சிரித்ததில் வந்ததும் அப்படியே. உண்மையான வருத்தத்துக்குத்தான் காரம் இருந்தது. அதனால் அவள் தன் தம்பி காய்ச்சலில் கிடப்பதாக நினைத்துக்கொள்வாள். தம்பி அங்கே குண்டுக்கல்லாட்டம் இருந்தான். அவள் மனம் விட்டு அழுத நாட்களில் தொட்டியிலிருந்து எழுந்த வாயு மேலே சேர்ந்து, பட்டறைக் கூரையின் தகடு ஒரு விரற்கடை உயர்ந்து நின்று, மாலையில் மெதுவாக இறங்கும். அந்தப் பக்கம் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்பதைத் தவிர அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மாமனார் சாப்பிட உட்காரும்போதெல்லாம், முதல் கவளத்துக்கு முன், மூத்த மருமகள் இருக்கும் திசையைப் பார்த்து ஒருமுறை தலையை அசைப்பார். அந்த வீட்டில் நன்றி சொல்வது என்றால் அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து இளைய மகனுக்குக் கல்யாணம் ஆனது. சின்ன மருமகள் உயரமானவள், வாய்த்துடுக்கு. குழம்பில் உப்பில்லை என்று புருஷன் கேலி செய்ததற்கு அவள் விட்ட இரண்டு சொட்டுக் கண்ணீர் செம்புக் குடத்தின் விளிம்பில் விழுந்தது. குடத்திலிருந்து பழுப்புப் புகை எழும்பியது. பரணிலிருந்து பலகை மறுபடி இறங்கியது. செம்பு பச்சையும் நீலமுமாகக் கலங்கி ஓடியது; வெள்ளி சொல்லாமல் கொள்ளாமல் கரைந்தது. மூத்தவளின் கண்ணீருக்கு முனகிய இரும்பும், கொதித்த அலுமினியமும், இவளுடைய கண்ணீரைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டன. தங்கம் இதற்கும் அசையவில்லை. இது வெடியுப்பு அமிலம், நைட்ரிக் ஆசிட் என்பார்களே அது, அதிலும் நல்ல காரம் என்று தெரிந்தபோது, செம்பும் பித்தளையும் மெருகேற்ற இனி வெளியே அலைய வேண்டாம் என்று மகன்கள் இருவரும் சந்தோஷப்பட்டார்கள். மாமனார் மட்டும் முகம் வெளுத்துப் போனார். முலாம் பட்டறைகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உப்பு அமில ஜாடியும் வெடியுப்பு அமில ஜாடியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, நடுவில் சுவர் வேண்டும். இளவயதில் ஒரு பட்டறையில் இரண்டும் ஒரே அலமாரியில் கவிழ்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாதமே கொத்தனார் வந்தார். பட்டறையின் நடுவில் எழும்பிய சுவர் அங்கேயே நிற்கவில்லை. ஜாடிகளை வைத்த இடத்தில் வைக்கலாம், மருமகள்கள் கண்களைக் கூடவே எடுத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் என்பதால், சுவர் கூடத்துக்குள் நுழைந்து, சமையலறையை இரண்டாக்கி, கொல்லைக் கதவு வரை போய் நின்றது. புகை ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க நேரமும் பிரிக்கப்பட்டது. காலை மூத்தவளுக்கு, மாலை இளையவளுக்கு. ஒருத்தி அழும் நேரத்தில் மற்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டும். பட்டறை நன்றாக நடந்தது. ஊரில் பாதிப் பேருடைய இடுப்புக் கொக்கியும் கதவுத் தாழ்ப்பாளும் அந்த இரண்டு பெண்களின் வருத்தத்தில் சுத்தமானவைதான். மாமனார் இறந்துபோனபோது துக்கத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. காலையில் வந்தவர்கள் மூத்த மருமகள்தான் பாசக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாலையில் வந்தவர்கள் இளையவள் என்றார்கள்.

பாப்பாவுக்கு இருவரும் அண்ணிகள். ஒருத்தி பெரிய அண்ணி, ஒருத்தி சின்ன அண்ணி. சுவருக்கு இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய்வந்தது அவள் ஒருத்திதான். அவள் கண்ணீர் வெறும் தண்ணீர், எதோடும் சேரலாம். பெரிய அண்ணி அரைத்த மாவு அவள் கையில் அந்தப் பக்கம் போகும். சின்ன அண்ணி தைத்த தலையணை உறை இந்தப் பக்கம் வரும். கூடவே பேச்சும் போய்வந்தது. "அந்த மகாராணிகிட்டச் சொல்லு, மிளகாய் காய வைக்கிறப்ப என் பக்கம் காத்தடிக்குதான்னு பாக்கச் சொல்லு" என்பாள் ஒருத்தி. "மகாராணி காத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கா, பதில் வந்ததும் சொல்றேன்னு சொல்லு" என்பாள் மற்றவள். பாப்பா இரண்டையும் முனை மழுங்கவைத்துத்தான் கொண்டுபோவாள். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் கஷ்டம் வரும்போதெல்லாம் ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்ததில்லை. அப்படி வருஷங்கள் போனால் மனசில் என்னென்னவோ படிந்துவிடும்.

சின்ன அண்ணிக்குப் பிறந்த குழந்தை ஒரு பகல் மட்டும் இருந்துவிட்டுப் போனது. அவள் காலை மாலை என்று பார்க்கவில்லை. அழுதுகொண்டே இருந்தாள். அவளுடைய பக்கத்தில் செம்புச் சாமான் ஒன்று மிஞ்சவில்லை, ஜன்னலில் பழுப்புப் புகை தொங்கியது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் கூடக் கேட்கவில்லை. தேறி எழுந்த பிறகு அவள் பாப்பாவிடம் எந்தச் செய்தியும் கொடுத்து அனுப்பவில்லை. மாவு வந்தால் வாங்கி வைத்துக்கொள்வாள். கல் நெஞ்சுக்காரி அரைத்த மாவு என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். அதைப் பாப்பா கொண்டுபோகவில்லை.

பாப்பாவின் வேலை அப்பா பழக்கிவிட்ட தங்கத் தொட்டியில். சின்னச் சாமான்களை, கடிகாரக் கூடு, கண்ணாடிச் சட்டம், சட்டைப் பொத்தான், இப்படி எதையும் மெல்லிய செம்புக் கம்பியில் கட்டி மின்சாரம் ஓடும் தொட்டிக்குள் இறக்கி, நிறம் ஏறியதும் தூக்க வேண்டும். அவள் இடக்கைக்காரி. இடது மோதிர விரலில் நூல் போல ஒரு தங்க மோதிரம் போட்டிருந்தாள். தொட்டி வேலைக்கு மோதிரத்தோடு போகக் கூடாது என்று அப்பா இருந்தவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவள் கழற்றவில்லை. கம்பியைப் பிடித்து இறக்கும்போது விரலும் கொஞ்சம் நனையும், மின்சாரம் மோதிரத்தையும் ஒரு சாமானாக எண்ணிக்கொண்டு அதன்மேலும் ஒரு பூச்சு பூசிவிடும். ஒவ்வொரு நாளும் ஒரு மூச்சளவு. ஓசியில் வளர்கிற தங்கம் என்று அவளுக்கு ஒரு குஷி. "இன்னும் கொஞ்ச வருஷம் போனா வளையல் ஆயிடும், அப்பறம் ஒட்டியாணம்" என்று சின்ன அண்ணன் கிண்டல் செய்வான். நூல் கயிறாயிற்று. அது வெளிப்பக்கம் மட்டும் வளரவில்லை, உள்பக்கமும் வளர்ந்தது என்பதை அவள் கவனித்தபோது மோதிரம் முட்டியைத் தாண்ட மறுத்தது. சோப்புப் போட்டுப் பார்த்தாள், எண்ணெய் போட்டுப் பார்த்தாள். பிறகு பூச்சிக்கடி என்று சொல்லித் துணியைச் சுற்றிக்கொண்டாள். துணியைப் பெரிய அண்ணி பிடுங்கிப் பார்த்த அன்று விரல் வீங்கி, தங்கத்தின் மேல் சதை மூடி, நுனி கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

நகைக்கடைக்காரர் ரம்பம் வைக்க இடமில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரல் நுனியை அழுத்தி, ஊசியால் தொட்டுப் பார்த்தார். பாப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. "நாளைக் காலை வரைக்கும் பாக்கலாம். நிறம் மேல ஏறுச்சுன்னா விரலோட நிக்காது, மணிக்கட்டு வரைக்கும் எடுக்கணும். மனசத் தேத்திக்கிட்டு வாங்க" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பாப்பா இடது கையை வலது கையில் ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கையால்தான் அவள் கம்பி கட்டினாள், சாப்பிட்டாள், எழுதினாள். இரண்டு பக்கமும் மாவும் தலையணை உறையும் தூக்கிக்கொண்டு போனதும் அந்தக் கைதான். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நிறம் ஒரு கணு ஏறியிருந்தது.

அன்று பிற்பகல் பெரிய அண்ணி யாரையும் கேட்காமல் வந்து உட்கார்ந்து, பாப்பாவின் விரலுக்கு மேல் குனிந்து அழுதாள். தம்பியை நினைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாப்பாவின் ரவிக்கையில் குத்தியிருந்த இரும்பு ஊக்கு நுரைத்து உதிர்ந்தது. மோதிரம் அழுக்கு நீங்கி முன்பைவிட அழகாகப் பளபளத்தது. மாலை முறை தொடங்கியதும் அவள் எழுந்து போக, சின்ன அண்ணி வந்து குனிந்தாள். பாப்பா காதோரம் செருகியிருந்த செம்புக் கம்பித் துண்டு பச்சையாக வழிந்தது. மோதிரம் அப்படியே இருந்தது. சின்ன அண்ணி மோதிரத்தைப் பார்த்து, "இவ்வளவு திமிரா உனக்கு" என்று அதனிடமே சொன்னாள்.

பாப்பா அதிகம் பேசாதவள். இரண்டு அண்ணிகளும் தோற்றுப்போனதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணன்களைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அழுது பார்க்கட்டும் என்றாள். சின்ன அண்ணன் பதறிவிட்டான். அப்பா சொன்னது மறந்துபோச்சா என்றான். "அப்பா என்னத்தைப் பாத்தாருன்னு சொன்னாரா? தங்கத் தொட்டிக்காரர் வேற எதைப் பாத்து அப்படி வெளுத்துப் போவாரு? கண்ணு முன்னாடி தங்கம் போயிருக்கும்ணா. எனக்கு இப்ப அதுதானே வேணும்?" என்றாள் பாப்பா. அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவர்கள் கேட்டதில்லை. பெரிய அண்ணன் எழுந்துபோய் ஜன்னல்களை எல்லாம் திறந்தான். அண்ணன்கள் இருவரும் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள்.

கூடத்தில் ஒரு பீங்கான் கிண்ணத்துக்கு மேல் பாப்பா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வலப்பக்கம் பெரிய அண்ணி, இடப்பக்கம் சின்ன அண்ணி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு கிட்டத்தில் அவர்கள் உட்கார்ந்ததில்லை. கண்ணீர் வரவில்லை. வருஷக்கணக்கில் தினமும் சரியான நேரத்துக்கு அழுதவர்களுக்கு, பக்கத்தில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றதும், எதிரில் ஆள் உற்றுப் பார்த்தால் சோறு இறங்காதது போல, தொண்டையிலேயே நின்றுவிட்டது. பெரிய அண்ணி இல்லாத காய்ச்சலையெல்லாம் தம்பிக்கு வரவழைத்துப் பார்த்தாள். சின்ன அண்ணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பாப்பாவின் விரல் கிண்ணத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

"வராது" என்றாள் சின்ன அண்ணி கடைசியில். "என் புள்ளை போனப்பவே உங்களுக்கு வராத கண்ணீர். இப்ப வந்துடுமா?"

பெரிய அண்ணி நிமிரவில்லை. "அப்ப உன் முறை."

"என்னது?"

"காலைல நீ அழுதே. என் முறைதான், இருந்தாலும் போகட்டும்னு விட்டேன். சாயங்காலம் உன் முறை. மறுநாளும் நீ ஓயல. நீ ஓய்ஞ்சாத்தானே நான் ஆரம்பிக்க முடியும்? புகை கலந்து உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அழுகையக் கூடவா விட்டுக் குடுப்பாங்க?"

"எங்க போய்க் கொட்டுறது பின்ன? பஸ் நிறுத்தத்துல போய் உக்காந்து அழுதேன். அங்க இருந்த இரும்பு பெஞ்சு காலெல்லாம் கரைஞ்சு விழுந்துச்சே. துரு புடிச்சிருச்சுன்னு ஊரே சொல்லிச்சு. துருவா அது?"

சின்ன அண்ணி அவளையே பார்த்தாள். "அப்பறம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போயிட்டு வந்தப்ப, வீட்டுக்குள்ள போக மனசில்லாம, அந்த பெஞ்சுல உக்காரலாம்னு போனேன்க்கா. பெஞ்சைக் காணோம். நின்னுக்கிட்டே இருந்தேன்."

"ஐயோ. அதுக்கும் சேத்து என்னைத் திட்டு" என்றாள் பெரிய அண்ணி.

இருவருக்கும் கண்ணீர் வந்தது. பெரிய அண்ணிக்கு அடக்கிவைத்த வருஷம் அதிகம். அவளுக்கு மூன்று சொட்டு விழும் நேரத்தில் சின்ன அண்ணிக்கு ஒன்று விழுந்தது. தங்கத்தைக் கரைக்க அந்தக் கணக்குத்தான் சரியான கணக்கு என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. பாப்பாவின் விரல் மேல் இரண்டும் சேர்ந்த இடத்தில் கண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறத்துக்கு வந்தது. நீச்சல் குளத்தில் அடிப்பது போல ஒரு நெடி எழுந்து ஜன்னல் வழியாகப் போனது. செம்புக்கும் வெள்ளிக்கும் நடந்த எதையும் இதுவரை வேடிக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த தங்கம், சத்தம் போடாமல், அவமானப்படாமல், இளகிக் கீழே வந்தது. போன வருஷத்துத் தங்கம் முதலில் போனது. அதற்கடியில் அதற்கு முந்திய வருஷத்துத் தங்கம் இருந்தது. குழந்தை வந்து போன வருஷத்தின் பூச்சு மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பு, ஏனென்றால் அந்த நாட்களில் பாப்பா வீட்டுக்கு வரப் பிடிக்காமல் தொட்டியடியிலேயே கிடந்தாள், அதுவும் கரைந்தது. அப்பா இறந்த வருஷம் போனது, சுவர் எழும்பிய வருஷம் போனது. கடைசியில் நூல் மோதிரம் தெரிந்தது, அதுவும் அறுந்து கிண்ணத்தில் விழுந்து கரைந்தது.

தனித்தனியாக யாரையும் சுடாத கண்ணீர் சேர்ந்தபோது சுட்டது. பாப்பாவின் விரல் எரிந்தது. எரிச்சல் தெரிகிறது, விரலுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய அண்ணன், தொட்டியிலிருந்து சாமானைத் தூக்கும்போதெல்லாம் கத்திக் கத்திப் பழகிய வாயால், "அலசு, அலசு" என்று கத்தினான். தண்ணீர் எடுக்கப் போக யாரும் எழுவதற்குள் பாப்பா அழுதுவிட்டாள். மளமளவென்று, சாதாரணமாக, எந்த உலோகத்தையும் ஒன்றும் செய்ய முடியாத கண்ணீர். வலியில் அழவில்லை. இருபுறமும் இரண்டு அண்ணிகளின் தோள் அவள் மேல் சாய்ந்திருந்தது. அந்தக் கண்ணீர் விரல் முழுக்க வழிந்து கையை அலசிச் சுத்தமாக்கியது.

மறுநாள் காலை டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தை அழுத்தியதும் வெளுத்து, விட்டதும் சிவந்தது. எப்படி என்று கேட்டார். சொன்னார்கள். நல்லது என்றார், களிம்பு எழுதிக் கொடுத்தார். அவர்கள் கதவைத் தாண்டும்போது தன் கையில் இருந்த மோதிரத்தை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். கிண்ணத்துக்குள் ஒரு துத்தநாகத் துண்டைப் போட்டால் தங்கம் பழுப்புச் சேறாக அடியில் இறங்கும், உருக்கி எடுத்துவிடலாம் என்று பெரிய அண்ணனுக்குத் தெரியும். போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கிண்ணத்தை மூடி, வருகிறவர்கள் தேநீர் என்று எடுத்துக் குடித்துவிடாமல் இருக்க, மேல் அலமாரியில் வைத்தார்கள்.

நன்றி என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலும் பழகியதில்லை. புண் ஆறியதும் பாப்பா பெரிய அண்ணியின் தலையைப் பின்னிவிட்டாள், பிறகு சின்ன அண்ணியின் தலையை. ஐந்து விரலாலும் பின்னினாள். அதற்கு வசதியாக இருவரும் சுவருக்கு ஒரே பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தவர்கள் எழவில்லை. பேச அவ்வளவு இருந்தது. மாவு அரைத்த வருஷங்களையும் மிளகாய் காய்ந்த வருஷங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். மகாராணி என்று அவள் கூப்பிட, மகாராணிக்குக் காத்து பதில் அனுப்பிடுச்சா என்று இவள் கேட்க, இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்ன அண்ணி குழந்தையைப் பற்றிப் பேசினாள். பெரிய அண்ணி கேட்டாள். அதன் மூக்கு யாரைப் போல இருந்தது என்று கூடக் கேட்டாள், அதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்த பருவத்தில் பட்டறைக்குப் புகார்கள் வரத் தொடங்கின. கொக்கியில் முலாம் நிற்கவில்லை, பித்தளை மெருகேறவில்லை. பெரிய அண்ணன் காலையில் தொட்டியைப் பார்த்தபோது துத்தநாகத் துண்டு ஒன்று அதில் சும்மா மிதப்பது போலக் கிடந்தது; மனசு வந்தால் ஒரு குமிழி விட்டது. கூரைத் தகடு எழும்பவே இல்லை. அண்ணிகள் மனதார முயன்றார்கள். முறைப்படி போய் உட்கார்ந்தார்கள். பெரிய அண்ணி தம்பியைக் காய்ச்சலில் படுக்க வைத்தால், அவன் குண்டாக எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்கிறான் என்று சொல்லிச் சிரித்துவிடுவாள். அண்ணன்கள் எங்கெங்கோ நடந்த சோகச் செய்திகளை எல்லாம் கேட்டுவந்து சொன்னார்கள். சின்ன அண்ணன் ஒருநாள் தனக்கு நெஞ்சு வலிப்பதாக நடித்தான். சின்ன அண்ணி அவனுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தாள், அவ்வளவுதான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, கம்பியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன்கள் முன்னால் வந்து நின்றாள். "போதும்ணா" என்றாள். "அவங்க அழுதது போதும். ஆசிட்டை வெளில வாங்கிக்கலாம்." பெரிய அண்ணன் அப்பாவைப் போலவே அண்ணிகள் இருந்த திசையைப் பார்த்துத் தலையை அசைத்தான். எங்கே வாங்குவது என்று அன்றே விசாரிக்கப் போனான்.

பிளாஸ்டிக் பீப்பாய்களோடு லாரி வந்த அன்று பாப்பாதான் வாசலுக்குப் போனாள். தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். டிரைவர் வயதானவர், ஊர் ஊராக இந்தச் சரக்கையே ஓட்டுகிறவர். முலாம் பட்டறை என்று போர்டு பழசாக இருக்கிறதே, இத்தனை வருஷம் யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டார். வெளியே வாங்கவில்லை, வீட்டிலேயே கிடைத்தது, அண்ணிகளின் கண்ணீர் என்று பாப்பா சொன்னாள். உள்ளேயிருந்து இருவரின் சிரிப்பும் கேட்டது. டிரைவர் அந்தப் பக்கம் காது கொடுத்துவிட்டுத் தலையாட்டினார்.

"பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுலயும் இப்படித்தாம்மா. அங்க மாப்பிள்ளையோட வேர்வை. போன மாசம் அவருக்கும் நின்னுடுச்சாம், இப்ப அங்கயும் நான்தான் இறக்குறேன்" என்றவர், எந்தப் பீப்பாய் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு, ஒன்றைச் சாய்த்து உருட்ட ஆரம்பித்தார்.